திருப்போரூர் ஃப்ரிட்ஜும் என் கட்டை விரலும்

1. பட்டப் பெயர்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலைக்கு வந்து எனக்கு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை யாரிடமாவது 'தனசேகரன் வீடு எது' என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். 'கேஸ் தனசேகர்' என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். மரியாதைக்காகக் கொடுத்த பட்டம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

முதல் நாள் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு பாடம் சொன்னார்.

"தோ பாரு தனசேகரு, இது கடக்கர. உப்புக்காத்து பைப்ப அரிச்சிடும். ஃப்ரிட்ஜ் கூல் ஆவலன்னா மூஞ்சிய சீரியஸா வெச்சிக்கினு 'கேஸ் போச்சு'ன்னு சொல்லு. பத்துக்கு எட்டு கரீட்டா இருக்கும்."

மீதி இரண்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கே கோவளத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். ஃப்ரிட்ஜைத் திறந்தேன், பின்னால் தட்டினேன், டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. மூஞ்சியை சீரியஸாக வைத்துக்கொண்டு, "கேஸ் போச்சும்மா" என்றேன். அந்த வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா சொல்ற? கதவு ரப்பர் கிழிஞ்சி கீது, அத்த மாத்தத்தான் கூப்டேன். சட்னி அரைக்க பிளக்க உருவுனது நானு. அத்த சொருவு மொதல்ல."

சொருகினேன். ஜம்மென்று ஓடியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வெட்கம் மானம் உள்ளவன் அன்றைக்கே திருந்தியிருப்பான். நானோ மறுநாள் அடுத்த வீட்டிலும் 'கேஸ் போச்சு' என்றேன். அங்கே நிஜமாகவே கேஸ் போயிருந்து தொலைத்தது. அதுதான் வினை. கடற்கரையில் பத்துக்கு எட்டு சரியாக இருக்க இருக்க, எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போனது.

2. மேடைக்குக் கீழே

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்போரூரிலிருந்து பவானி என்கிற பெண் போன் செய்தாள். புருஷன் ரமேஷுக்கு மறைமலைநகரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவான். வீட்டில் பவானியும் அவள் மாமியார் சாரதாம்மாவும்தான்.

சமையலறை குறுகல். அதனால் இடுப்பளவு உயரமுள்ள குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கி, கிரானைட் மேடைக்குக் கீழே மரப்பெட்டி அடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். அடியில், கால் மாட்டில், சீப்பு மாதிரி துளை போட்ட ஒரு பலகையை ரெண்டு ஸ்க்ரூவில் மாட்டியிருந்தார்கள். இப்படிப் பெட்டிக்குள் போகும் ஃப்ரிட்ஜுக்கு மூக்கே அந்தத் துளைதான். உள்ளே காற்று போய் சூடு வெளியே வந்தால்தான் அது ஜில்லென்று இருக்கும். அந்தப் பலகையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பவானி ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்திருந்தாள். பத்து காட்டியது.

"அண்ணா, உள்ள ஊசி மருந்து இருக்கு. கொழந்தைக்காகப் பண்ற ட்ரீட்மென்ட். ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ளயே வெக்கணும். இப்பதான் தாண்டுது. ஆஸ்பத்திரில கேட்டேன், கொஞ்ச நேரம்னா பரவால்ல, இனிமே ஏறக்கூடாதுன்னாங்க. இன்னும் ஒம்பது நாள் போடணும். கெட்டுப்போச்சுன்னா இந்தத் தடவையும் அவ்ளோதான். ஏற்கெனவே ரெண்டு தடவ நிக்கல. இன்னொரு தடவ எனக்கு உடம்புலயும் தெம்பு இல்ல, மனசுலயும் தெம்பு இல்லண்ணா."

"பக்கத்து வூட்டு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளு வெக்கறதுதானேம்மா?"

பின்னாலிருந்து சாரதாம்மா சீறினார். "வெச்சிட்டு? நாளிக்கே தெருவே கூடி 'இன்னா, எதுனா விசேஷமா'ன்னு கேக்கும். போன தபா அப்டி கேட்டுக் கேட்டே இந்தப் பொண்ண அழ வெச்சாளுங்க. அதெல்லாம் வேணாம். நீ சரி பண்ணு."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "கவலைய வுடுங்க. கோவளத்துல மீனயே நாலு நாளு ஃப்ரெஷ்ஷா வெச்சிக் குடுக்கறவன் நானு. மருந்து இன்னா பெரிய மருந்து!"

இந்த வாயை எதைக் கொண்டு அடிப்பது?

பலகையைக் கழற்றினேன். ஃப்ரிட்ஜை வெளியே இழுத்தேன். கம்ப்ரசரில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. பைப்பில் துரு இல்லை, லீக் இல்லை. திருப்போரூரில் உப்புக்காத்தும் இல்லை. இருந்தாலும் என் வாய் தன்பாட்டுக்கு, "கேஸ் போச்சும்மா" என்றது.

வெளியே வைத்தபடியே கேஸ் ஏற்றினேன். ரெண்டு மணி நேரத்தில் தெர்மாமீட்டர் நாலுக்கு இறங்கியது. பவானி முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜை உள்ளே தள்ளிப் பலகையைப் பழையபடி மாட்டினேன்.

அந்தப் பலகையின் மேல் நீளத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் கோலம். தாமரையும் விளக்குமாகப் பார்க்க லட்சணமாக இருந்தது. பொங்கலுக்கு சாரதாம்மா வாங்கி ஒட்டியது. அதில் ஒரு மூலை கொஞ்சம் பெயர்ந்திருந்தது. கடமை உணர்ச்சி பொங்க, கட்டை விரலால் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டேன்.

"பாத்தியா பவானி? கோலத்து மேல காலு படாம வேல செய்யறாரு. நல்ல மன்ஷன்" என்றார் சாரதாம்மா.

எனக்கு வண்டி தரையில் ஓடவில்லை.

3. இரண்டாம் தடவை

மறுநாள் காலை பத்து மணிக்கு போன். எட்டைத் தொட்டுவிட்டதாம்.

போனேன். தேவையில்லாமல் ஏற்றிய கேஸில் கொஞ்சம் வெளியேற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். வெளியே வைத்துப் பார்த்தால் தங்கமாக நாலு. உள்ளே தள்ளினேன், பலகையை மாட்டினேன். மூலை மறுபடியும் பெயர்ந்திருந்தது. மறுபடியும் கட்டை விரல்.

அன்று ராத்திரியே பவானி பேசினாள். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஏறிக்கினே போகுதுண்ணா. அவர் வந்து வெளிய இழுத்து வெச்சாரு. இப்போ நாலு. அடுப்பாண்ட நிக்க எடமில்ல. ஆனா நாலு காட்டுது."

இதைவிடத் தெளிவாக ஒரு கம்ப்ளெயின்ட்டை என் ஆயுசில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் சொன்னேன்: "கம்ப்ரசர் வீக்கும்மா. நாளிக்கு மாத்திடறேன்."

4. கட்டர்

மூன்றாம் தடவை புது கம்ப்ரசரோடு போனேன். கூடவே கோவளத்திலிருந்து ஒரு தெர்மாக்கோல் மீன் பெட்டியும் ஐஸும். கம்ப்ரசர் மாற்றி முடித்து ஃப்ரிட்ஜ் மறுபடி குளிர்வதற்கு எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரைக்கும் மருந்து அந்தப் பெட்டியில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. நாலு தடவை கழுவியும் பெட்டியில் வஞ்சிரம் வாசனை போகவில்லை. பவானி மருந்தை டிபன் டப்பாவில் போட்டு, துணியைச் சுற்றி உள்ளே வைத்தாள். தெர்மாமீட்டரையும் கூடவே வைத்தாள்.

அப்புறம் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். ரெண்டு நாளாக மணிவாரியாகக் குறித்து வைத்திருந்தாள்.

"வெளிய இருந்தா நாலு, உள்ள போனா ஏறுது. ஒரு தடவகூட மாறலண்ணா. கம்ப்ரசர் வீக்குன்னா வெளியவும் ஏறணும் இல்ல?"

"வெளிய இருக்கசொல்லோ அதுக்கு ரெஸ்ட்டும்மா. அதான் நல்லா ஓடுது."

"மெஷினுக்கு ஏதுண்ணா ரெஸ்ட்டு?"

பதில் இல்லாதபோது மெக்கானிக் என்ன செய்வான்? கருவியை எடுப்பான். நான் பைப் கட்டரை எடுத்தேன். கேஸை இறக்கினேன். இனி பைப்பை அறுத்துவிட்டால் அவ்வளவுதான், புதுசு மாட்டும் வரை அந்த ஃப்ரிட்ஜ் வெறும் பெட்டி. அதற்குள் மீன் பெட்டி ஏழு காட்ட ஆரம்பித்திருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பவானி ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, என் காலில் மிதிபடாமல் இருக்கட்டும் என்று அந்தக் கோலப் பலகையை எடுத்துக் கொல்லைக் கதவோரம் நிறுத்தினாள்.

கதவுக்கு வெளியே சுள்ளென்று வெயில். நான் கட்டரைப் பைப்பில் பிடித்தபடி நிமிர்ந்தேன். வெயிலுக்கு எதிரில் நிற்கிற பலகையில் இருபது துளை இருக்கிறது, ஒன்றில்கூட வெளிச்சம் வரவில்லை.

கட்டரைக் கீழே வைத்தேன். தவழ்ந்து போய்ப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஸ்டிக்கரின் பசை தெரிந்தது. அந்தப் பசையில் மெத்தை மாதிரி தூசி. ஃப்ரிட்ஜின் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறது. அது போதாதென்று நான் வேறு ரெண்டு தடவை வந்து, காற்று தப்பித் தவறிப் போய்விடாமல் மூலையை அழுத்தி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறேன்!

"அண்ணா..." என்றாள் பவானி. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் அந்தச் சமையலறைத் தரையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. பிளேடை எடுத்து ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு சாரதாம்மா வந்தார். "இன்னாய்யா, கோலத்தப் போயி உரிக்கிற?"

பவானி அவசரத்தில் சொல்லிவிட்டாள். "அத்த, இது காத்து போற வழிய அடைச்சுக்கினு இருந்திருக்கு. அதான் கூல் ஆவல."

சாரதாம்மா மெல்லக் கேட்டார். "பொங்கலுக்கு ஒட்னது. போன தபா ஊசி போட்டது சித்திரைல. அப்பவும் மருந்து இதுலதான இருந்திச்சி? அப்போ நான்தான் கெடுத்தனா? வூட்டுக்கு ஒரு கொழந்த வரணும்னு லட்சுமிய வேண்டிக்கினு ஒட்னேன்யா. நானா கெடுத்தேன்?"

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். ஜட்ஜிடம் தீர்ப்புக் கேட்கிற மாதிரி, இந்தக் கேஸ் தனசேகரிடம்.

போன சித்திரையில் மருந்து கெட்டிருந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்தான். மூஞ்சியை சீரியஸாக வைத்துக்கொண்டேன்.

"யாரும்மா சொன்னது? ஸ்டிக்கர் ஒட்னா ஃப்ரிட்ஜ் நிக்குமா? தூசி தொடைக்கத்தான் உரிக்கிறேன். கேஸ் போச்சும்மா. அதுவும் இந்த மாசம்தான் லீக் ஆயிருக்குது. சித்திரைல இது நல்லாத்தான் ஓடிச்சி. நான்தான் மூணு தபா வந்தும் கண்டுபுடிக்காத வுட்டுட்டேன். தப்பு என்னுது."

சாரதாம்மா பவானியைப் பார்த்தார். பவானி மேடைமேல் கிடந்த தன் காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டாள். "ஆமா அத்த. நான்தான் அவசரப்பட்டு தப்பா சொல்லிட்டேன்."

"அப்டியா?" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு என் மேல் பாய்ந்தார். "மூணு தபாவா வந்து இன்னாதான்யா புடுங்கிக்கினு இருந்த? வாயப் பாரு, மீனு ஃப்ரெஷ்ஷா வெப்பானாம்!"

திட்டத் திட்டத் தலையைக் குனிந்துகொண்டு கேஸை அளவாக ஏற்றினேன். புது கம்ப்ரசரைத் தொடவே இல்லை. ஃப்ரிட்ஜை உள்ளே தள்ளி, மொட்டைப் பலகையை மாட்டினேன். மீன் பெட்டி எட்டைத் தொட்டபோது ஃப்ரிட்ஜ் ஆறுக்கு இறங்கியிருந்தது. மருந்து மாறியது. அப்புறமும் நான் கிளம்பவில்லை. நாலுக்கு வந்து, நாலிலேயே ஒரு மணி நேரம் நிற்கிற வரை கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தேன். பவானி டீ கொண்டுவந்து வைத்தாள். "ரொம்பத் தேங்க்ஸ்ண்ணா" என்றாள். எதற்கென்று அவள் சொல்லவில்லை.

5. பிறகு

சாரதாம்மா சும்மா இருப்பாரா? 'கேஸ் தனசேகர்னு பேரு, கேஸ் போனது மூணு தபா தெரியலியாம்' என்று கோயில் தெரு வரைக்கும் சொல்லிவிட்டார். அந்த ஊரில் அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் கண்ட இடத்திலெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிப் பேர் வாங்கியவன். ஒரே ஒரு இடத்தில் அதைத் தெரிந்தே சொன்னேன், பேர் போயிற்று. போகட்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். கேஸைத் தொடுமுன் குனியுங்கள். பிளக் இருக்கிறதா, கால் மாட்டில் காற்று போகிறதா, கதவு ரப்பர் கவ்விப் பிடிக்கிறதா, சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் சொல்வதைக் காதில் வாங்குங்கள், ஃப்ரிட்ஜோடு நாள் பூராவும் இருக்கிறவர் அவர். கட்டை விரலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பவானி நம்பரிலிருந்து போன் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லையாம். விசேஷம் ஏதாவது உண்டா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஒரு தெருவே இருக்கிறதே.

வாசலில் சாரதாம்மா. "வாய்யா கேஸு. இன்னிக்கி இன்னா போச்சுன்னு சொல்லப்போற?"

சமையலறைக்குள் போனேன். பலகை மொட்டையாக, துளையெல்லாம் சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே, ஃப்ரிட்ஜின் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலைத் தரையிலிருந்து தூக்கி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது ஒரு பெண் குழந்தை. ரெண்டு வயசு இருக்கும். அவள் உயரத்துக்கென்றே செய்த கதவு. கீல் வளைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஆடினாள்.

பையைத் திறக்காமல், காதை வைத்துக் கேட்காமல், பார்த்தவுடனே சரியாகக் கண்டுபிடித்த ரிப்பேர் என் சர்வீஸில் அது ஒன்றுதான்.