சட்னி அரைக்குது, வெங்காயம் வெட்ட மாட்டேங்குது

உத்தமபாளையத்தில் வேல்விழி வீட்டில் ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கிற மிக்சி இல்லை. அதைப்போல இரண்டு மடங்கு. அடியில் மோட்டார். மேலே சட்னி ஜார், மசாலா ஜார் எது வேண்டுமானாலும் மாட்டலாம். ஜாரை எடுத்துவிட்டுக் குடம் அகலத்துக்கு இருக்கும் பிளாஸ்டிக் பாத்திரத்தை மாட்டினால் வெங்காயம் வெட்டும், தேங்காய் துருவும், கேரட் சீவும், சப்பாத்தி மாவுகூடப் பிசையும். எட்டுத் தட்டு கொடுத்திருக்கிறார்கள். எதற்கு எந்தத் தட்டு என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

ஆசைப்பட்டு வாங்கியதில்லை. வைகாசியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துபோனது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் விஷால் ஒருநாள் லீவு போட்டு வந்து பார்த்தான். அவனால் தங்க முடியவில்லை. மூன்று வாரம் கழித்து மெஷின் வந்தது. அது தங்கிவிட்டது.

கை கூடிவிட்டது, பலம் வரவில்லை. தேங்காய் துருவ முடியாது. அருவாமனையில் பத்து வெங்காயத்துக்கு மேல் வெட்டினால் சுண்டுவிரல் மரத்துப்போகும். அவள் வீட்டுக்காரர் விஜயபாண்டிக்கு ராயப்பன்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. கொடியை ஒதுக்கிக் கவாத்து வெட்டுகிற நாளில் பத்து ஆளுக்கு மதியச் சோறு இவள் வீட்டிலிருந்து போக வேண்டும். மெஷின் இல்லாமல் அது நடக்காது.

நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆண்டிபட்டியிலிருந்து சந்தனம்மாள் வருவாள்.

சந்தனம்மாள் விஜயபாண்டியின் அக்கா. கை உடைந்த மறுநாளே பையோடு வந்து இறங்கியவள், மூன்று மாதம் இருந்தாள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் உப்பு டப்பா இருந்த இடத்தில் சீரகம் இருந்தது. புளிப்பானை பரணுக்குப் போனது. பார்க்க வந்தவர்களிடம், "எங்க வீட்ல எல்லாம் நாந்தே" என்றாள். அதையெல்லாம்கூட வேல்விழி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் விஜயபாண்டி கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே, "இப்பத்தேன்க்கா சோறு திண்ட மாதிரி இருக்கு" என்றார். இருபத்தி மூன்று வருஷம் சமைத்துப்போட்டவள், கட்டுப்போட்ட கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருந்தாள்.

அன்றைக்குப் பிறகுதான் மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஆவணியில் பத்துப் பேருக்குச் சாம்பாரும் பொரியலும் தனியாகச் செய்து காட்டிவிட்டு, "மதினி, இனி நான் பாத்துக்கிருவேன்" என்றாள். சந்தனம்மாள் மறுநாள் பஸ் ஏறினாள்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் நின்றுபோனது.

அடுத்த திங்கள்கிழமை கவாத்து. அதற்குமுன் வெங்காயம் வெட்டித் தொக்கு கிண்டி வைத்துவிடலாம் என்று பெரிய பாத்திரத்தை மாட்டி, வெங்காயத்தைப் போட்டு, மூடியைத் திருகி, சுவிட்சைத் திருப்பினாள். சத்தமே இல்லை. கரண்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பாத்திரத்தைக் கழற்றிவிட்டுச் சட்னி ஜாரை மாட்டிச் சுற்றினாள். தெருவே அதிர ஓடியது. மறுபடி பெரிய பாத்திரம். செத்த பிணமாகக் கிடந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்சத் பீவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன வேலு, ஓடுது நிக்கிது, ஓடுது நிக்கிது?"

"சட்னி அரைக்குதுக்கா. வெங்காயம் வெட்ட மாட்டேங்குது."

"எம் மருமக மாதிரியே இருக்கே! டீ போடச் சொன்னா போடுவா. வெங்காயம் உரிக்கச் சொன்னா கெடந்துக்கிருவா."

"நீங்க சிரிங்க. திங்கக்கெழம பத்து ஆளுக்குச் சோறு போகணும்."

விஜயபாண்டி வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திராட்சைத் தோட்டத்து மோட்டாரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். "சின்ன ஜாருக்குப் பத்துற கரண்டு பெருசுக்குப் பத்தல. வோல்டேஜி கொறச்சல்" என்றார்.

"நேத்து வரைக்கும் பத்துச்சுல்ல?"

"நேத்து வேற கரண்டு."

அவள் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். அவரே அடுத்ததைச் சொன்னார். "அக்காவ வரச் சொல்லட்டா?"

"ஒண்ணும் வேணாம். தேனிக்குக் கொண்டுபோயி சரிபண்ணிட்டு வாரேன்."

சொன்னாளே தவிர, அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதையும் பார்த்தாள்.

புதன்கிழமை மோட்டாரை மட்டும் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்து, இடதுகையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கூட்டம். பையை மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா துண்டுப் பொட்டலத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன சாமி ஆத்தா இது, வீரபாண்டி கோயிலுக்குக் கொண்டு போறியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வெங்காயம் வெட்டுற சாமி" என்றாள் வேல்விழி. அந்த அம்மா தேனி வரைக்கும் செருப்பை மாட்டவில்லை.

தேனியில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் கர்ணன் மோட்டாரை மேசையில் வைத்து, தன்னிடமிருந்த ஒரு ஜாரை மாட்டினான். ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டான். ஓடியது.

"மெஷின்ல ஒண்ணுமில்லக்கா."

"வீட்ல ஓட மாட்டேங்குதுப்பா."

"இங்கன ஓடுதே."

"அதத்தான நானும் சொல்றேன். இங்கன ஓடுது, அங்கன ஓட மாட்டேங்குது."

கர்ணன் அவளையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தான். பிளக்கைச் சுத்தம் பண்ணிக் கொடுத்து அனுப்பினான். வீட்டுக்கு வந்து பெரிய பாத்திரத்தை மாட்டினாள். ஓடவில்லை. வயிற்றெரிச்சலில் சட்னி ஜாரை மாட்டினாள். ஓடியது. வியாழக்கிழமை முழுக்க அவள் செய்தது இதுதான். அடுப்படி பிளக்கில் போட்டாள், கூடத்துப் பிளக்கில் போட்டாள், அம்சத் பீவி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயும் போட்டாள். வெங்காயம் போட்டு, போடாமல், தட்டை மாற்றி, தட்டே இல்லாமல். தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையோ, நான்கு மாதம் ஓட்டியது யாரோ வேறொருத்தியோ என்று சந்தேகம் வந்துவிட்டது. விஷாலுக்குப் போன் போட்டாள். "வீடியோ எடுத்து அனுப்பும்மா" என்றான். ஓடாத மெஷினை வீடியோ எடுத்தால் போட்டோ மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் விஜயபாண்டி செருப்பை விட்டுக்கொண்டே, "அக்கா ஞாயித்துக்கெழம வருது" என்றார்.

"நான் கூப்புடச் சொல்லலையே."

"நான் எங்க கூப்புட்டேன்? மெஷினு ஓடலன்னேன். அதுவா வாரேன்னுருச்சு. அந்த மெஷினத் தூக்கி அக்காட்டயே குடுத்துருவோம், ஆண்டிபட்டில யாராச்சும் ரிப்பேர் பாப்பாக."

வேல்விழி எட்டுத் தட்டையும் எடுத்து அடுக்கினாள். மெஷின் போனால் அடுப்படி போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார், பாத்திரம், மூடி, எட்டுத் தட்டு எல்லாவற்றையும் இரண்டு பையில் அடைத்துக்கொண்டு மறுபடி தேனிக்குப் போனாள். கர்ணன் பாத்திரத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இத ஏன் அன்னைக்கே கொண்டுவரல?"

"மோட்டாருதான ஓடுது. இது சும்மா பாத்திரம். இதுல என்ன கரண்டா இருக்கு?"

மூடியை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். மூடியின் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதில் பாதியைக் காணோம். "இந்த நாக்குதாங்க்கா உள்ள இருக்குற சுவிட்ச அமுக்கும். அமுக்குனாத்தான் ஓடும். மூடாம ஓடி கையி போயிரக் கூடாதுன்னு வச்சிருக்கான். சட்னி ஜாருக்கு அந்த ஏற்பாடு அடியிலயே இருக்கு. இதுக்கு மூடில. மூடுறப்ப டக்குன்னு ஒரு சத்தம் வருமே, நீங்க கேக்கலையா?"

"டக்குன்னு வருதா டொக்குன்னு வருதான்னு பாக்கவா நான் சமைக்கிறேன்?"

கர்ணன் மூடியை வெளிச்சத்தில் பிடித்தான். "இதுல என்னமோ எழுத்து வெட்டிருக்கு. யாருக்கா பிளாஸ்டிக்குல உளிய வச்சு அடிச்சது? அதுதான் விரிசல் விட்டு ஒடிஞ்சிருக்கு."

மிச்சமிருந்த நாக்கில் 'வி' என்று மட்டும் இருந்தது. வேல்விழிக்கு அப்போதுதான் விளங்கியது. கையில் கட்டோடு அவள் படுத்திருந்த நாளில், பாத்திரத்தில் பேர் வெட்டுகிற ஆள் தெருவில் கூவிக்கொண்டு போனான். சந்தனம்மாள் அவனை உட்காரவைத்துப் பேர் இல்லாத சாமான் எல்லாவற்றிலும் தம்பி பேரை 'வி.பா' என்று வெட்ட வைத்தாள். டொக்டொக்கென்று மத்தியானம் முழுக்கச் சத்தம் கேட்டது. குமிழ் மாதிரி இருக்கிற மூடியில் தட்டையான இடம் அந்த நாக்கு ஒன்றுதான்.

"சுவிட்சுக்குள்ள ஒரு குச்சியச் சொருகி விட்டுட்டா ஓடும். செய்யட்டா?" என்றான் கர்ணன்.

"ஒரு கையி போயி பிளேட்டு வச்சிருக்கேன். இன்னொண்ணையும் குடுக்கச் சொல்றியா?"

"அப்ப புது மூடி மெட்ராஸ்ல இருந்து வரணும். பத்து நாளு ஆகும்."

புது மூடிக்குச் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. மெஷினும் கெடவில்லை, அவளும் கெடுக்கவில்லை. கெடுத்தவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். என்ன கேட்க வேண்டும் என்று சின்னமனூர் தாண்டுவதற்குள் நான்கு தடவை மனசுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தனம்மாள் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வேல்விழி பொறுத்தாள். அப்புறம் மூடியைக் கையில் கொடுத்தாள். நாக்கு, சுவிட்சு, உளி, எல்லாம் சொன்னாள். சந்தனம்மாள் மூடியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான வெட்டுனான். 'பா'வக் காணோமே."

"அதத்தான் மதினி சொல்றேன். அது ஒடிஞ்சுதான் மெஷினே நின்னு போச்சு."

"பேரு இல்லாட்டி எவளாவது தூக்கிட்டுப் போயிருவாள்ல. நல்லதுக்குத்தான செஞ்சேன்?" என்றாள். மன்னிப்பு மாதிரியும் இல்லை, சண்டை மாதிரியும் இல்லை. அடுத்த வார்த்தையாக, "புளி எங்க, பரண்லதான இருக்கு?" என்று எழுந்தாள்.

"மதினி, உக்காருங்க." வேல்விழியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மூடி வரப் பத்து நாளாகும். அதுவரைக்கும் இருங்க. ஆனா மெஷினு என்ன வேலை பாத்துச்சோ அத மட்டும் நீங்க பாருங்க. வெட்டுறது, துருவுறது. அடுப்பு என்னுது."

சந்தனம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூடத்தில் இருந்த விஜயபாண்டி பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

"அப்ப நான் மெஷினா?"

"மெஷின ஒடிச்சவுக அதோட வேலையப் பாக்குறதுதான் மொற."

"சுவிட்ச நீ போடுவியாக்கும்?" என்றாள் சந்தனம்மாள். பிறகு அருவாமனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு நான்கு கிலோ வெங்காயம் மலையாகக் கிடந்தது. "சாம்பாருக்குப் பெருசா, பொரியலுக்குப் பொடிசா" என்றாள் வேல்விழி. சொன்னபடி விழுந்தது. மெஷின் சில நேரம் முனையை நசுக்கிவிடும், இதில் அதுவும் இல்லை. "தேங்கா?" என்றாள். சந்தனம்மாள் துருவி வைத்திருந்தாள். அடுப்புப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. உப்புப் போட்டாச்சா என்றுகூடக் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் வேல்விழிக்குத் தெம்பாக இருந்திருக்கும். இப்படி வாய் மூடி வெட்டினால் என்ன அர்த்தம் என்று பிடிபடவில்லை.

மதியம் தோட்டத்திலிருந்து காலிச் சட்டியோடு வந்த விஜயபாண்டி, "ஆளுகள்லாம் நல்லாருக்குன்னாக. கொழம்பு யாரு வச்சது?" என்றார்.

வேல்விழி வாயைத் திறப்பதற்குள் சந்தனம்மாள் சொன்னாள்: "ஒம் பொண்டாட்டிதேன். இந்த வீட்ல அடுப்ப வேற யாரு தொட முடியும்? நான் வெட்டுனதோட சரி."

அது குத்தலா, விட்டுக்கொடுத்ததா? இரண்டு நாள் யோசித்தும் வேல்விழியால் முடிவு செய்ய முடியவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சந்தனம்மாள் யாரையும் பார்க்காமல், "ஆண்டிபட்டில மருமக என்னைய அருவாமனயக்கூடத் தொட விடுறதில்ல. கவுரவமா உக்காருங்கத்தேங்குறா" என்றாள். வேல்விழி முருங்கைக்காயை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

அதற்கடுத்த திங்கள்கிழமை கர்ணன் போன் பண்ணினான். "மூடி வந்துருச்சுக்கா, எப்ப வாறீக?"

"வாரேன்ப்பா" என்று வைத்தாள்.

"யாருத்தா போன்ல?" என்றாள் சந்தனம்மாள், கையில் பாதி துருவிய தேங்காய் மூடியோடு.

"கர்ணன். மெஷின்காரன்."

"வந்துருச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் பத்து நாளாக அவள் காத்திருந்தாள். வந்துவிட்டது மதினி, நாளைக்குப் பஸ்ஸுக்கு ரெடியாகுங்க. அவ்வளவுதான், வாய்க்குள் தயாராக இருந்தது.

"இல்லயாம்" என்றாள். "வியாழக்கெழமதான் வருமாம்."

சந்தனம்மாள், "அவனுக சொல்ற நாளுல எப்ப வந்துச்சு" என்று மறுபடி துருவ ஆரம்பித்தாள். வேல்விழி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள்.