மீசை இருக்கா?

மில்லின் தீயணைப்புத் தொட்டியைச் சோதிக்க வந்த பாதுகாப்பு ஆய்வாளர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். தண்ணீர் மட்டம், குழாய் அழுத்தம், வால்வு நிலை என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவருக்கு அடுத்து என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஐந்தடி நீளத்தில் ஏதோ ஒன்று சுவரை ஒட்டி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"மீசை சார்," என்றார் மோட்டார்காரர்.

அவருக்கு வேறு பதில் தெரியாது. பதினான்கு வருஷமாக அதன் பெயர் அதுதான்.

மில்லுக்கு வேண்டிய தண்ணீரை ஏற்றி இறக்குவது மோட்டார்காரரின் வேலை. நாலு பம்பு, ஒரு கிணறு, இரண்டு மேல்நிலைத் தொட்டி, பிறகு இந்தத் தீயணைப்புத் தொட்டி. முப்பது வருஷ சர்வீஸ். நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கும் மில்லில் பம்பு அறையை மட்டும் பின்மதிலை ஒட்டி, ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் கட்டியிருந்தார்கள். பம்பு ஓடும்போது பேசினால் காதில் விழாது. ஓடாதபோது பேச ஆள் இருக்காது. காலையில் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால், அதிலிருக்கும் தடித்த கறுப்பு மீசையையும் எதிரே நிற்கும் மழித்த முகத்தையும் காவலாளி மாறி மாறிப் பார்ப்பார். "என்ன, இன்னிக்கும் அண்ணன் வரலையா? தம்பிய அனுப்பிட்டாரா?" என்பார். நாலு வருஷமாக அதே கிண்டல். சில நாட்களில் அவரிடம் யாராவது பேசுவதென்றால் அது ஒன்றுதான்.

மனைவி இறந்த வருஷம் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது, வீட்டில் மூச்சு விடுகிற ஜீவன் இன்னொன்று இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு மீனும் வாங்கி வைத்தாள். விரல் நீளம், வெள்ளி உடம்பு, வாயோரம் மெல்லிய மீசை. "குட்டிச் சுறா. கையளவுக்கு மேல வளராது" என்று கடைக்காரர் வாய் கூசாமல் சொல்லியிருந்தார். அது சுறாவும் இல்லை, கையளவோடு நிற்கவும் இல்லை. கெளுத்தி இனம். மகள் அதற்கு மீசை என்று பெயர் வைத்தாள். "உங்களுக்குப் போட்டியா ஒருத்தன் வந்துட்டான்பா" என்று சொல்லி, அவர் மீசையைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

முதல் சில மாதங்கள் அந்த மீன் அவரைப் படாத பாடு படுத்தியது. புழு போடப் போனால் பொடிப் பல்லால் விரலைக் கடித்தது. விளக்குப் போட்டால் மிரண்டு கண்ணாடியில் முட்டியது. நாலாவது மாதம் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கொடுத்து, ரெண்டு சொட்டு விடச் சொன்னார். லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரோடு பழகிய மனிதருக்கு ரெண்டு சொட்டு ஒரு மருந்தாகவே படவில்லை. ஒரு மூடி நிறைய ஊற்றினார். புள்ளி மறைந்தது. அதற்குப் பிறகு வாயோர மீசையும் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது.

விடுமுறைக்கு வந்த மகள் தொட்டி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "ஏன்பா மீசை இப்படி ஆயிடுச்சு?"

"மருந்து பட்டுச் சுருங்கிடுச்சும்மா. வளந்துடும்."

வளரவில்லை. மீன்தான் வளர்ந்தது. அடுத்த விடுமுறைக்குள் அது தொட்டியில் திரும்ப முடியாமல் வளைந்து கிடந்தது. மோட்டார்காரர் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதைத் தீயணைப்புத் தொட்டிக்குக் கொண்டுபோய் விட்டார். வெளியாட்களுக்கு மில்லுக்குள் அனுமதி கிடையாது என்பதால் மகள் அதன் பிறகு மீனைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் போனில், "மீசை வளந்துச்சாப்பா?" என்று கேட்டாள். உதடு மழுங்கக் கிடந்த மீனை அன்று காலைதான் பார்த்திருந்தார். ஆனாலும், "வளந்துடுச்சே. முறுக்கிக்கிட்டுத் திரியறான்" என்று வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதனால் அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

சொன்னதைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு கண்காணாத தேசத்துக்குப் போய்விட்டாள். ஐந்து வருஷம் முன்னால் ஒரு தடவை வந்தாள். இரண்டு வாரமும் சொந்தக்காரர்கள் வீடு, துணிக்கடை என்று கழிந்தன. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன். அவரிடம் இருந்தது பட்டன் போன். குரல் வரும், முகம் வராது. அப்பாவும் மகளும் நேராகப் பேசிப் பழகியவர்கள் இல்லை. அம்மா இருந்தவரை இருவருக்கும் நடுவில் எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தது. இப்போது அந்த வேலையை மீன் பார்த்தது.

"மீசை இருக்கா?"

"இருக்கான்."

"முறுக்கிக்கிட்டா?"

"பின்ன?"

பிறகு மழை, வெயில், உடம்பைப் பார்த்துக்கோங்க, வைக்கிறேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மீசையோடு மீனின் பசியும் மாறிவிட்டது. புழு வேண்டாம், மீன் துண்டு வேண்டாம். சுவரில் படியும் பாசியைத்தான் நாளெல்லாம் வழித்துத் தின்றது. "உன் ஆளு சைவமாயிட்டானாய்யா?" என்று மேனேஜர் சிரித்தார். தொட்டி சுத்தமாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம். மோட்டார்காரருக்கு மட்டும், மருந்தை அள்ளி ஊற்றி ஒரு ஜீவனின் வாயைக் கெடுத்துவிட்டோமே என்று உறுத்தல். தினமும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, மேலே வரும் மொட்டை உதட்டைப் பார்த்து, "மன்னிச்சுக்கடா" என்பார். அது அவர் கையிலிருந்து கீரையை வாங்கிக்கொண்டு போகும்.

ஆய்வாளர் எழுதிய குறிப்பு மேலே போயிற்று. அடுத்த வாரம் அரசு மீன் பண்ணையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா தண்ணீர்த் தொட்டி வைத்த லாரியோடு வந்து இறங்கினார். நாலு ஆட்கள், ஒரு பெரிய தார்ப்பாய். தொட்டித் தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கி, மீனைத் தார்ப்பாயில் வளைத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா உள்ளே இறங்கித் தண்ணீரில் மண்டியிட்டு அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். கண் இருக்கும் இடத்தைப் பார்த்தார். அடிவயிற்றைப் பார்த்தார்.

"கண்ணு வாய்க்குக் கீழ இறங்கியிருக்கு பாருங்க. பல்லே இல்ல. இது ராட்சசக் கெளுத்தி மாதிரி இருக்குய்யா. ஆத்துல இப்பல்லாம் காணக் கிடைக்கறதே இல்ல. எங்ககிட்ட ரெண்டு ஆண் இருக்கு, பெண் இல்ல. இது பெண்ணு."

"பெண்ணா?" என்றார் மோட்டார்காரர்.

"ஆமா. ஆனா ஒரு சந்தேகம். சாதாரணக் கெளுத்தியோட கலந்ததும் சந்தைக்கு வருது. அதுங்க எங்க குளம் பூரா இருக்கு, கலப்புன்னா இது இங்கயே கிடக்கட்டும். சின்னதுலேர்ந்து வளத்தவர் நீங்க. குட்டியில மீசையும் பல்லும் இருந்துச்சா? இந்த இனத்துக்குக் குட்டியில ரெண்டும் இருக்கும், வளர வளரத் தானா மறைஞ்சிடும். அப்புறம் பாசி, இலைதான் ஆகாரம். இல்ல, மீசை வேற ஏதாவது காரணத்துல போச்சா? அடிபட்டு, மருந்து பட்டு?"

மோட்டார்காரர் பதிமூன்று வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த குற்றம் குற்றமே இல்லை என்று அந்த அம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டார். அவர் மீனைக் கெடுக்கவில்லை. அது வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதே மூச்சில், மீனைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியும் அவர் கையில் வந்திருந்தது. மருந்து ஊற்றினேன், மீசை போச்சு. நாலே வார்த்தை. பொய்யும் இல்லை, இத்தனை நாள் அவரே நம்பியதுதான். சொன்னால் லாரி காலியாகத் திரும்பிவிடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மகளோடு எதைப் பேசுவது?

தார்ப்பாய்க்குள் மீன் ஒரு தடவை புரண்டது. மூக்கு நுனியில் சுவர் உரசி உரசி வெள்ளையாகக் காய்த்துப்போயிருந்தது. அவருக்குத் தெரிந்த காய்ப்புதான். நீந்தி நாலு வீச்சு போனால் சுவர், திரும்பினால் சுவர்.

"அங்க எவ்வளவு பெரிய குளம்?" என்று கேட்டார்.

"அக்கரையில ஆள் நின்னா அடையாளம் தெரியாது."

"மீசை இருந்துச்சு மேடம். பல்லும் இருந்துச்சு, கடிக்கும். ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா தானா போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "கீரைன்னா கையில வந்து வாங்கும்" என்றார்.

லாரியில் ஏற்றும்வரை ஈரத்துணியால் அதன் கண்ணை மூடிப் பிடித்திருந்தார். லாரி போன பிறகு பம்பு அறைக்கு வந்து, போட வேண்டிய மூன்றாம் நம்பர் பம்பைப் போட்டார். சாயங்காலம் கீரைக்கட்டோடு தொட்டிக்குப் போனார். விளிம்பில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"அப்பா. மீசை இருக்கா?"

"இல்லம்மா," என்றார். பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். மகளிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. மீசை பெண் என்பதைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முறுக்கிய மீசை பதிமூன்று வருஷப் புளுகு என்றதும் சிரிப்பு நின்றது.

"ஏன்பா பொய் சொன்னீங்க?"

"நீ வருத்தப்படுவேன்னுதான். அப்புறம், நீ கேக்கறதே அது ஒண்ணுதான். அதையும் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

போனின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. மகள் பேச்சை லேசாக்கப் பார்த்தாள். "சரி விடுங்க. உங்க மீசையாவது இருக்கா, இல்ல அதுவும் புளுகா?"

அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று.

"எடுத்துட்டேம்மா. பாதி நரைச்சுப்போச்சுன்னு."

"எப்போ?"

"நாலு வருஷம் இருக்கும்."

போனை வைத்துவிட்டாளோ என்று அவர் ஒரு தடவை திரையைப் பார்த்துக்கொண்டார். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லவே இல்லியேப்பா."

"மீசை இருக்கான்னு நீ கேக்கறப்பல்லாம் மீனத்தானேம்மா கேட்ட."

மூக்கை உறிஞ்சும் சத்தம். வழக்கமாக இந்நேரம் அவள் உடம்பைப் பார்த்துக்கோங்க என்று சொல்லி வைத்திருப்பாள். இன்று வைக்கவில்லை.

"வேற என்னல்லாம் போச்சுப்பா?"

மோட்டார்காரர் யோசித்தார். நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்டார்.

"பல்லு ரெண்டு," என்றார்.