தறி நின்ற வேளைகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளிக் கோடை விடுமுறையில், என் தம்பியைக் குடிநோய்ச் சிகிச்சைக்காகத் திருத்தணிக்கு வெளியே, பொதட்டூர்பேட்டை சாலையிலிருந்த ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அவன் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுபவன். பகலில் நான் துணையிருந்தேன்.

சேர்த்த அன்றே மருத்துவர், பீடியையும் சேர்த்து நிறுத்திவிடலாம் என்றார். நான் மறுத்தேன். முன்பு வேறோர் இடத்தில் பீடியைப் பிடுங்கியதால்தான் இரண்டாம் நாளே சுவரேறிக் குதித்து ஓடினான்; அன்று மாலையே குடித்தான். இம்முறையும் குடித்தால் கல்லீரல் தாங்காது என்று எச்சரித்திருந்தார்கள். ஆகவே அவனுக்கு யாராவது எதையாவது கொடுத்துவிடுவார்களோ என்று அங்கிருந்த ஒவ்வொருவரையும் ஐயத்தோடே பார்த்தேன்.

எல்லாரினும் கூடுதலாக ஐயுற்றது வார்டு உதவியாளரை. பகலில் சில வேளைகளில், யாரும் அழையாமலே தம்பியின் கட்டிலருகே வருவார். சட்டைப் பையிலிருந்து சிறு பொட்டலமொன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் அழுத்துவார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி வாயில் போட்டுக்கொள்வான், சற்று மெல்லுவான், பிறகு ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கும். போதைப்பாக்கு ஒதுக்கியவர்களைப் பள்ளிக்கூட வாசலில் நாள்தோறும் பார்க்கும் ஆசிரியை நான். வேறு சான்று தேவைப்படவில்லை.

"என்னடா வாயில?" என்று கேட்டால், "ஏலக்காய்தான்க்கா" என்பான். ஏலக்காய் மணம் வரவில்லை.

நான்காம் நாள் மதியம், பொட்டலம் கைமாறும்போதே உதவியாளரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வார்டு முழுவதும் கேட்கும்படி, "பேஷண்டுக்கே பாக்கு விக்கிறியா நீ?" என்றேன்.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "பிரிச்சுப் பாருங்க மேடம்" என்றார். உள்ளே வெண்ணிறத்தில் ஒற்றைச் சூயிங்கம் இருந்தது.

"டாக்டர் எழுதிக் குடுத்த நிகோடின் கம்முங்க, பீடி ஆசைய அடக்க. கொஞ்சம் மென்னு கன்னத்துல ஒதுக்கி வெக்கணும். அட்டையோட குடுத்தா ஒரே மூச்சுல மென்னு தீத்துடுவாங்க. அதான் ஒண்ணொண்ணா தரேன்."

"ஆங், மூணு நாளா ஆடு மாதிரி அசை போட்டுகினு இருக்கான்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "சுவத்துல மேய என்னா இருக்குதுன்னு நானும் பாத்துகினு இருக்கேன்."

தம்பி சிரிக்கவில்லை. துண்டையும் லுங்கியையும் பையில் திணித்தான்.

"பீடியயும் விடறேன்னு நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னும் கேட்டுகினேன். சொன்னா தெனமும் வாயத் தொறந்து காட்டச் சொல்லுவ. போதும்க்கா. நான் வூட்டுக்குப் போறேன்."

எதற்கு அஞ்சினேனோ, அதை நானே நடத்திவிட்டேன். உதவியாளர் வழியை மறிக்கவில்லை; என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி அவனிடம் நீட்டினார்.

"போறதுன்னா போ நைனா. இத வாயில போட்டுகினு போ. மிஷினு நின்னு எவ்ளோ நேரமாச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் பின்புறச் சன்னலைக் காட்டினார். மதிலுக்கு அப்பால் ஒரு விசைத்தறிக் கூடம்; மின்சாரம் போய் ஓசையடங்கிக் கிடந்தது. தறி ஓடுகையில் நூலருகே நெருப்பு ஆகாது. தறி நின்றால்தான் வெளியே வந்து பீடி பற்றவைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய தம்பிக்கு, இங்கே படுத்திருக்கையிலும் அவ்வோசை நின்ற கணமே விரல்கள் நடுங்கின. முதல் நாளே அதைக் கண்டுகொண்டு, தறி நிற்கும்போதெல்லாம் வந்திருக்கிறார் அந்த மனிதர். நெசவுக் குடும்பத்தில் பிறந்த நானோ, அவனருகிலேயே உட்கார்ந்து பொட்டலத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

தம்பி பையை இறக்காமலே வாங்கி மென்றான். தறி மீண்டும் தடதடக்கும்வரை அங்கேயே நின்றான். பிறகு கட்டிலில் உட்கார்ந்தான்; பை மட்டும் மடியிலேயே வெகுநேரம் இருந்தது.

உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் மேடம். ஆனா நாளைக்கு அவன் சட்டப்பையத் துழாவாதீங்க" என்றார்.

சிகிச்சை முடித்து வீடு திரும்பிய தம்பி, இடையில் ஒருமுறை சறுக்கினான். தானாகவே மருத்துவமனைக்குத் திரும்பினான். இப்போது குடியுமில்லை, பீடியுமில்லை என்கிறான். அவன் வந்து நிற்கையில் என் மூக்கு தானாக மோப்பம் பிடிக்கிறது. அவன் சொல்லை நம்புவதென்று ஒவ்வொரு முறையும் நான் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.