அக்னி மூலையில் ஒரு சர்வீஸ் ஒயர்

என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், எட்டு வருஷம் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் மாட்டிடம்தான் பேசினார். எங்கள் பக்கத்தில் மூத்தார் தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. அவளும் அவர் எதிரில் வாயைத் திறக்கக் கூடாது. மரியாதை என்று அதற்குப் பெயர். ஆனால் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அதற்கு மாடு இருந்தது.

"ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடிக்கினு இருக்குது. யாரு வூட்டு கரண்ட்டோ" என்று கொட்டகையில் நின்று மாட்டைக் கேட்பார். மாடு அசை போடும். நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் ஃபேனை நிறுத்துவேன். மாட்டுக்கும் எனக்கும் ஒரே மரியாதைதான். ஆனால் அது திட்டு வாங்குவதில்லை.

நான் உளுந்தூர்பேட்டைக்காரி. பிறந்த வீட்டுக்கு எதிரிலேயே ஹைவே. லாரி சத்தத்தை அமுக்குவதற்காகவே எங்கள் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. அப்படிப்பட்டவளைக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். மூத்தாருக்கு ஃபேன் என்பதே வீண் செலவு. "கல்வராயன் மலையே பின்னால நின்னு விசிறுது, இதுல ஃபேன் வேற" என்று மாட்டிடம் சொல்வார். மலை மேற்கே இருந்தது. எங்கள் ரூம் ஜன்னல் கிழக்கே இருந்தது. மலை யாருக்கு விசிறியதோ, எனக்கு விசிறவில்லை.

ஆகவே நான் ஆசைப்பட்டது மாளிகைக்கு இல்லை. ஒரு சுவிட்சுக்கு. நான் போட்டால் ஓட வேண்டும், நான் நிறுத்தினால் நிற்க வேண்டும், நடுவில் மாடு வரக் கூடாது. இதை என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்கத்தான் எட்டு வருஷம் ஆனது. பாகம் பிரித்ததில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மனை எங்களுக்கு வந்தது. அதில் கிழக்குப் பார்த்து ஒரு சின்ன வீடு கட்டினோம். இந்த வாசலில் நின்றால் அந்த வாசல் தெரியும். கரும்பு வண்டி போகும் தெருவின் அகலம்தான் பிரிவு. ஆனாலும் ஊரில் எனக்குக் குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பட்டம் கிடைத்தது. என்னமோ நான் அண்ணனையும் தம்பியையும் வேறு வேறு தேசத்துக்கு ரயிலேற்றிவிட்ட மாதிரி, குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். எனக்கு அது வலித்தது. வலிக்காத மாதிரி தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இதில் மூத்தாரைக் குறை சொல்ல முடியாது. வீடு கட்டும்போது கரண்ட்டுக்கு நாங்கள் கேட்கவே இல்லை. அவராகவே மாட்டிடம், "வேலை முடியற வரைக்கும் நம்ம வூட்லருந்தே ஒயர் இழுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இழுத்துக்கொண்டோம். வேலை முடிந்து, பால் காய்ச்சும் நாளும் வந்தது. போஸ்ட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய சர்வீஸ் ஒயர் மட்டும் வரவில்லை. காரணம் லைன்மேன் மலைமேல் இருந்தார். கரியாலூர் பக்கம் பலத்த காற்று, மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது, எப்போது இறங்குவார் என்று தெரியாது என்றார்கள். மலை எங்களுக்குக் காற்றைத்தான் அனுப்பவில்லை என்றால், லைன்மேனையும் அனுப்பவில்லை. சரி, நல்ல நாளைத் தள்ளக் கூடாது என்று அண்ணன் வீட்டுக் கரண்ட்டிலேயே குடிபோனோம்.

அன்று மதியம் என் பிறந்த வீட்டு ஜனம் மொத்தமும் கூடத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தது. சித்திரை வெயில். எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் எல்லாம் நின்றன. என் அப்பா கையில் அப்பளத்தோடு அண்ணாந்து பார்த்தார். நான் எதிர் வீட்டைப் பார்த்தேன். மூத்தார் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் பரிமாறிக்கொண்டிருந்த வாளியோடு தெருவைத் தாண்டிப் போனார்.

"இன்னா காரியம் பண்ண நீ? விருந்தாளிங்க சாப்பிட்டுக்கினு இருக்காங்க."

"மீட்டர்ல சிவப்பு லைட்டு படபடன்னு அடிக்குது. அணைச்சேன். இத்தினி வருஷமா அதத்தான செய்யறேன்" என்றார் மூத்தார்.

இதில் பொய் எதுவும் இல்லை. அவர் நிஜமாகவே பழக்கத்தில்தான் அணைத்திருக்கிறார். ஆனால் பாயசம் வியர்வையோடு சேர்ந்து உப்புக் கரிக்கும்போது இதெல்லாம் யாருக்குத் தோன்றும்? "உன் கரண்ட்டை நீயே வெச்சிக்க" என்று என் வீட்டுக்காரர் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, அண்ணன் வாசலில் போட்டுவிட்டு வந்தார். அத்தோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பாகப்பிரிவினையில் மாடு அவர் பக்கம் போய்விட்டதால், எனக்கும் அவருக்கும் இருந்த ஒரே வழியும் அடைந்துபோனது.

லைன்மேன் ஒருவழியாக மலையிலிருந்து இறங்கி வந்தார். போஸ்ட், மூத்தார் வீட்டு மதிலை ஒட்டி வடக்கு ஓரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலை அதற்கு நேர் எதிரில். ஒயர் அங்கே வந்தால் நேராக, உயரமாக வந்திருக்கும். ஆனால் சர்வீஸ் பைப்பு தென்கிழக்கு மூலையில், சமையலறைச் சுவரில் நின்றது. கூடம் மட்டும்தான் கான்கிரீட். சமையலறைக்குச் சிமென்ட் ஷீட். வீட்டிலேயே தாழ்வான இடம் அதுதான்.

"இன்னாங்க, பைப்பை அங்க வெச்சிட்டீங்க? ஒயரு தெருவுக்குக் குறுக்கால கோணலா வரும். தாழ்ந்து நிக்கும்" என்றார் லைன்மேன்.

"அக்னி மூலைங்க. நெருப்பு, கரண்ட்டு எல்லாம் அங்கதான் இருக்கணுமாம்" என்றார் என் வீட்டுக்காரர். வீடு கட்டிய மேஸ்திரியின் வாக்கு அது. அவர் கட்டிய சுவர் கோணலாக இருந்ததை மட்டும் எந்த மூலையும் தடுக்கவில்லை.

"அக்னி பகவானுக்கு நாம இன்னா சொல்றது" என்று லைன்மேன் போஸ்ட்டில் ஏறினார். கம்பியை இழுத்துக் கட்டி, ஒயரை அதோடு சேர்த்து, பைப்பின் வளைந்த வாய்க்குள் நுழைத்து, மீட்டரில் இணைத்தார். இறங்கும்போது, "கரும்பு லோடு வந்தா மட்டும் பாத்துக்குங்க" என்றார். நாங்கள் எங்கே பார்த்தோம்? நான் உள்ளே ஓடி எல்லா ஃபேனையும் போட்டேன். ஆள் இல்லாத ரூமிலும் போட்டேன். முக்கியமாக அங்கேதான் போட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

கரும்பு வெட்டு ஆரம்பித்ததும் முதல் லோடே எங்கள் ஒயரைத் தூக்கிக்கொண்டு போனது. பைப்பு வளைந்து, மீட்டர் பலகை ஆடி, வீடு இருண்டது. லைன்மேன் எங்கே என்று விசாரித்தால் மலைமேல். மறுபடியும் விசிறி மட்டை. அவர் வந்து ஒட்டிக் கொடுத்துவிட்டு, "காஞ்ச மூங்கில்ல ஒரு கவைக்கோல் வெச்சிக்குங்க. சாமி ஊர்வலத்துக்குத் தூக்குற மாதிரி, லோடு வரும்போது ஒயரைத் தூக்கி வுடுங்க" என்றார். கோல் வந்தது. தூக்குவது யார்? என் வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு உரக்கடை வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வெட்டு நடப்பது பகலில். ஆகவே தனிச் சுவிட்சுக்கு ஆசைப்பட்ட மகராணி தெருவில் இறங்கி, ரப்பர் செருப்பும் கவைக்கோலுமாக, ஊர்க் கரும்புக்கெல்லாம் வழிவிடும் வேலையில் சேர்ந்தாள்.

ஆலைக்குப் போகும் வண்டிகள் என் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அடுப்பில் தாளிப்பு கருகினாலும் நான் ஓட வேண்டும். "ஒயர் வூட்டைத் தாண்டி ரெண்டாவது வூடு" என்று ஊரில் வழி சொல்ல ஆரம்பித்தார்கள். குடும்பத்தைப் பிரித்தவள் என்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வண்டிச் சத்தம் வாசலில் நின்றது. ஹாரன் இல்லை. எட்டிப் பார்த்தேன். மூத்தார். அவர் நிலத்துக் கரும்பு, அவர் டிராக்டர், அவரே ஓட்டுகிறார். ஹாரன் அடித்தால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அடிக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது தூக்கினா போவலாம்" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார். மாடு இருந்த இடத்துக்கு அது வந்திருந்தது.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கோலை அடியில் கொடுத்து ஒயரைத் தூக்கினேன். வண்டி நகர்ந்தது. பாதி தாண்டியதும் இடது பக்கம் துருத்திக்கொண்டிருந்த கரும்புக் கட்டு ஒன்றில் ஒயர் மாட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

"வண்டி நிக்கட்டும்" என்றேன், யாருக்கும் இல்லாமல். "வண்டி கொஞ்சம் பின்னால வரட்டும்." டிராக்டர் சத்தத்தில் இந்த மரியாதையெல்லாம் எங்கே கேட்கும்? சமையலறைச் சுவரில் பைப்பு முனகியது. என் ஃபேன், என் மீட்டர், என் சுவிட்ச் எல்லாம் அந்த ஒரு கரும்புக் கட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் எட்டு வருஷத்து வாய்க்கட்டு. இரண்டில் ஒன்று இன்று அறுந்துதான் தீரும் என்று தெரிந்தது.

"மாமா, நிறுத்துங்க."

பிரேக் போட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"எடது பக்கம்ங்க மாமா. ஒரு முழம் பின்னால வாங்க."

வந்தார். எடுத்துவிட்டேன். போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரை கோலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். பயமா, சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான்.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் பேசினோம். "இன்னும் கொஞ்சம் தூக்கு." "தூக்கிட்டேங்க, போங்க." "லோடு ஜாஸ்தியா?" "மேல கம்மிதாங்க மாமா, ஓரத்துலதான் இடிக்குது." ஊர் உலகத்துக்கு இது பேச்சா என்று தெரியாது. எனக்குப் பேச்சுதான். பிறகு அவர் ஹாரனும் அடிக்க ஆரம்பித்தார், ஒரே ஒரு தடவை, சின்னதாக. குழாயடியில் என் ஓரகத்தி, அவர் மனைவி, "எங்கிட்டகூட இவ்ளோ பேசறதில்ல அவரு" என்றாள். குடத்தை வைத்ததும் பேச்சு நிற்கவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

இது என் வீட்டுக்காரர் காதுக்குப் போனது. "அவர்கிட்ட இன்னா உனக்குப் பேச்சு?" என்று குதித்தார். குடும்பத்தைப் பிரித்தவள் பேசிக்கொண்டிருக்கிறாள், கூடப் பிறந்தவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரமே நீளமான பைப்பு வந்து இறங்கியது. அக்னி மூலை கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்றார். அண்ணன் மேல் கோபம் அக்னி பகவானையே இடம் பெயர வைத்துவிட்டது. வடகிழக்கு மூலையில், மொட்டைமாடிச் சுவருக்கு மேலே பைப்பை நிறுத்தி, லைன்மேன் ஒயரை மாற்றிக் கட்டினார். அதற்கு ஏணி மூத்தார் வீட்டிலிருந்துதான் வந்தது. கேட்டது லைன்மேன், கொடுத்தது மூத்தார். ஒயர் ஆகாயத்தில் போய் நின்றது. கோல் கொல்லைப்பக்கம் போய் அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்தது.

மறு வெட்டு வந்தது. வண்டிகள் ஹாரன் இல்லாமல் வாசலைத் தாண்டிப் போயின. தாளிப்பு கருகவில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஆனாலும் காது வாசலிலேயே இருந்தது. மூத்தார் வண்டியும் இனி அப்படியே போய்விடும். அண்ணனும் தம்பியும் பேசவில்லை. இந்த ஒயரும் மேலே போய்விட்ட பிறகு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் வேறு என்ன இருக்கிறது?

ஒரு காலையில் சின்னதாக ஒரே ஒரு ஹாரன். வெறுங்கையோடு வெளியே வந்தேன். மூத்தார் லோடோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கொடுத்த ஏணியில் ஏறி லைன்மேன் கட்டிய ஒயர், அவர் மதிலிலிருந்து போகிற ஒயர், மேலே போனது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

"தூக்க வேணாமா?" என்றார்.

"வேணாங்க மாமா. மேல போயிட்ச்சு."

அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார். கியரைப் போட்டார். வண்டி நகரவில்லை. டிராக்டர் உயரத்திலிருந்து என் தலைக்கு மேலாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூம்ல ஆள் இல்லம்மா. ஃபேன் ஓடிக்கினு இருக்குது பாரு."

பக்கத்தில் மாடு இல்லை. ஸ்டியரிங்கையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் வீடு, என் மீட்டர், என் சுவிட்ச். இந்தப் பேச்சுக்கு எட்டு வருஷமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தவள் நான்.

"சரிங்க மாமா" என்று உள்ளே போய் நிறுத்தினேன்.