முந்நூற்றிரண்டு ஒற்றுமைகள்

ஃபைலம்மா என்பது கேலிப்பெயர். பத்தொன்பது ஆண்டுப் பணியில் தனக்கு வந்த ஒவ்வொரு தாளையும், விடுப்பு மறுத்த துண்டுச்சீட்டு உட்பட, அவள் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தாள். குற்றச்சாட்டுக் கடிதம் வந்த அன்றும் அதைத் தேதி குறித்துக் கோத்த பிறகுதான் அழுதாள்.

நாத்தனாரோடு பேசிவைத்துப் பொய்ப்பதிவு எழுதினாள் என்பது புகார். உறுதியானால் இருவருக்கும் வேலை போகும்.

அறிவியல் கருவிகளைச் சோதித்து அனுப்பும் கூடம் அது. நிலவறை நடைபாதையின் ஒரு கோடி அறையில் அவள். மறு கோடியில் நாத்தனார். நடுவிலிருந்த பெட்டி ஒவ்வொரு முறையும் இரட்டையாக இரண்டு ஒளித்துகள்களை உண்டாக்கி, அறைக்கு ஒன்றாக அனுப்பும். துகள் புறப்பட்ட பின்பே அந்தந்த அறையின் எந்திரம் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் நிலைகளுள் ஏதோ ஒன்றைத் தன்போக்கில் தேர்ந்து நாடாவில் அச்சிடும். சிவப்போ பச்சையோ விளக்கு எரியும். எரிந்ததை எழுத வேண்டும். கைப்பேசி காவலரிடம், கதவு பூட்டியிருக்கும்.

ஒருத்தியின் தாளை மட்டும் பார்த்தால் நிறங்கள் கண்டபடி சிதறிக் கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் மயிர்க்கூச்செறியும். இரு அறையிலும் ஒரே நிலை விழுந்த அறுநூறு தடவையும் ஒரே நிறம்.

விசாரணையில் புது மேலாளர் தாள்களை மேசைமேல் விசிறினார். கருவியை வடிவமைத்த பொறியாளர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார்; கேட்க ஆளில்லை.

"ஒரே வீட்டுல இருக்கீங்க. காலையிலேயே பேசிவச்சுட்டு வந்துடறீங்க. அறுநூறுல ஒண்ணு கூடத் தப்பலையே, எப்படிம்மா?"

"நாங்க வாயத் திறக்கறதே சண்டைக்குத்தான் சார்," என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இருடி," என்று அடக்கிவிட்டு, ஃபைலம்மா கோப்பைத் திறந்தாள். மூன்று வாரம் நூலகத்தில் தானாகக் கற்றவை அதில் இருந்தன. "பேசிவச்சோம்னே வச்சுக்கங்க சார். மூணு நிலைக்கும் என்ன நிறம் சொல்லணும்னு எங்களுக்கு நீங்களே எழுதிக் குடுங்க."

சிவப்பு, சிவப்பு, பச்சை என்று அவர் எழுதினார்.

"மூணு நிலை, ரெண்டே நிறம். எப்படி எழுதினாலும் ரெண்டு நிலைக்கு ஒரே நிறம் வந்தே தீரும். வேற வேற நிலைன்னா ஒண்ணு-ரெண்டு, ரெண்டு-மூணு, ஒண்ணு-மூணுன்னு மூணே ஜோடி, அதுல ஒரு ஜோடியாவது ஒரே நிறம். அதனால எங்களுக்கு வேற வேற நிலை விழுந்தாலும், மூணுக்கு ஒரு தடவையாவது நிறம் ஒத்துப்போகணும். அப்படி ஆயிரத்து இருநூறு தடவை விழுந்திருக்கு. குறைஞ்சது நானூறு வரணும், கொஞ்சம் முன்னப்பின்ன. எண்ணுங்க."

எண்ணினார். முந்நூற்றிரண்டு. மறுபடி எண்ணினார்.

"பேசிவச்சவங்களால இவ்வளவு குறைக்க முடியாது சார்."

இதற்குக் குவாண்டம் பின்னல் என்று பெயர். ஒரு ஜோடிக் கையுறையை இரு பெட்டியில் பிரித்து அனுப்பினால், எது இடது, எது வலது என்பது கட்டும்போதே முடிவாகிவிடும். இத்துகள்கள் அப்படி விடைப்பட்டியலைக் கையோடு கொண்டு போவதில்லை. பிரிந்த பின்னும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிலைமைதான். ஆனால் ஒரு கோடியில் வருவது நம் விருப்பப்படி வருவதில்லை. ஆகவே அதைக்கொண்டு மறுகோடிக்குச் சேதியும் அனுப்ப இயலாது.

மேலாளரின் குரல் இறங்கியது. "நீங்களும் பேசிவைக்கல. கிளம்பும்போது துகளுக்குள்ளயும் முடிவாகல. அப்ப அந்தக் கோடியில வந்தது இந்தக் கோடிக்கு எப்படித் தெரிஞ்சுது? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

தன் வேலையைக் காப்பாற்றிய அந்தப் பதிலைச் சொல்லி முடித்ததும் அவளுக்கே பிடரி சில்லிட்டது.

புகார் கைவிடப்பட்ட கடிதம் கோப்பில் ஏறியது. திங்கட்கிழமை கதவு மீண்டும் அவள் பின்னால் பூட்டிக்கொண்டது. நாடாவில் 'இரண்டு' விழுந்தது. சிவப்பு. இத்தனை நாளும் அந்த நிறம் வழியெல்லாம் வந்து தன் வாசலில் நிற்கிறது என்றே நினைத்திருந்தாள். ஒரு நொடி முன்பு அங்கே நிறமென்று ஒன்றும் இருக்கவில்லை. எரிந்ததை எழுதினாள்.

மதிய இடைவேளையில் இருவரும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய காலைத் தாள்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நீங்க திருப்புங்க அண்ணி."

"நீதானே எப்பவும் முந்திப்பே, திருப்பு."

தேநீரில் ஆடை படிந்தது. இருவர் கையும் மேசையைவிட்டு எழவில்லை.