முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

கண்பார்வை மங்கியதும் என் கணவர் முதலில் கார் ஓட்டுவதை விட்டார், பிறகு ஆலயத்துக்குப் போவதையும் விட்டார். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் போகலாமே என்றால், தெருவே பார்க்க யாரும் தன்னைக் கைபிடித்து ஏற்ற வேண்டாம் என்பார். பழகிய நம் காரில் என்றால் வருவீர்களா என்று கேட்டேன். வருவேன், யார் ஓட்டுவது என்றார். ஐம்பத்து நான்கு வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

சேர்ந்தேனே தவிர, ஒழுங்காகப் போகவில்லை. கிளச் என்றாலே எனக்குக் கால் உதறும். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு உபவாச ஜெபத்தில் உட்கார்ந்துகொண்டேன். கர்த்தரின் வீட்டுக்குத்தானே ஓட்டப்போகிறோம், அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்ற தெனாவட்டு வேறு. டெஸ்டுக்கு முந்தைய ஞாயிறு, கிடைத்துவிட்டதாகவே விசுவாசித்து, நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் ‘டிரைவிங் லைசென்ஸ் கிடைத்ததற்காக’ என்று எழுதிப் போட்டுவிட்டேன். போதகர் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார் என்பது எப்படித்தான் மறந்ததோ. வாசித்தார். ஆராதனை முடிந்ததும் பாதிச் சபை எனக்குக் கைகொடுத்தது.

செவ்வாய்க்கிழமை டெஸ்டில் வண்டியைக் கிளப்பியதும், பழக்கதோஷத்தில் கண்ணை மூடி ஜெபித்தேன். கிளச்சிலிருந்து கால் நழுவி, வண்டி ஒரு குதி குதித்து நின்றது. அதிகாரி இறங்கச் சொல்லிவிட்டார். வெளியே நின்றிருந்த டிரைவிங் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா நீ, சாமி கும்புடறத வூட்லயே கும்ட்டு வரக் கூடாதா?”

வீட்டுக்கு வந்து கர்த்தரிடமே வாய்விட்டுச் சண்டை போட்டேன். கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஜெபத்துல நீ பாஸ்தான். வண்டியிலதான் ஃபெயில்” என்றார். சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு சபை நடுவே எழுந்து, லைசென்ஸ் இன்னும் கிடைக்கவில்லை, அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு நந்தனத்து உள்தெருக்களில் வகுப்பு. ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. ஜெபத்தையும் விடவில்லை, வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்பினேன். ஐந்து வாரத்தில் கிளச் என் சொல்பேச்சு கேட்க ஆரம்பித்தது.

இருந்தாலும் மறு டெஸ்ட் அன்று பழைய பயம் திரும்பிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்காக ஜெபியுங்களேன் என்று அவரிடம் கேட்டேன். ஆலயத்தை விட்டதிலிருந்து அவர் ஜெபித்து நான் பார்த்ததில்லை.

“சரி, ஜெபத்த நான் பாத்துக்கறேன். நீ கிளச்சப் பாத்துக்க.”

பாஸானேன். அந்த ஞாயிறு, நான் புடவை கட்டி முடிப்பதற்குள் அவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியரை மாற்றச் சொல்லி உயிரை வாங்கினார். எனக்குக் கோபமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆலய வாசலில் நிறுத்தியதும் அவரே கதவைத் திறந்து இறங்கினார். நான் சாவியை எடுப்பதற்குள், எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்.