மூத்தவன் கட்சியும் இளையவன் கட்சியும்

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. என் கணவர் மூத்தவன் கட்சி. நான் இளையவன் கட்சி. இவர்கள் எங்கள் பிள்ளைகள் அல்ல. எங்களுக்கு ஒரே மகள்தான். எங்கள் நகரத்து ஃபுட்போல் அணியில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற இரண்டு பேருக்கு நாங்கள் வைத்த பெயர்கள் அவை. ரன்னிங் பாக் என்பார்கள். எதிரே நிற்கிற தடியன்களுக்குள் புகுந்து, இடி வாங்கி, நாலைந்து யார் தூரம் முன்னால் போய் விழுவதுதான் அவர்களுடைய உத்தியோகம். பயிற்சியாளர் ஒருவனை இறக்கினால் மற்றவன் வெளியே குந்தியிருப்பான். யாரை நம்பி அணி ஓட வேண்டும் என்பதுதான் எங்கள் சண்டை.

கணவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரு அறைக்குள் ஊர்ப் பொடியன்களோடு நெருக்கிக்கொண்டு இருந்தவர். கிடைத்த முதல் வேலை, ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்துக் கதிரைகளுக்குக் கீழே கூட்டுவது. அவர் வேளைக்கே போய்ப் படிக்கட்டில் ஒதுங்கி நின்று ஆட்டம் பார்ப்பாராம். மற்றவர்கள் கிரிக்கெட்டுக்கு உயிரை விட, இவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அப்படித்தான். நான் கல்யாணம் கட்டி வந்த பிறகு என் காதிலும் ஓதி ஓதி, எனக்கும் அந்த ஆட்டம் தெரியவந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் நானும் முதலில் மூத்தவன் கட்சிதான். இளையவன் நல்ல வேகம், பார்க்கவும் வடிவு. ஆனால் இடி விழுந்தால் பந்தைக் கீழே போட்டுவிடுவான். மூத்தவன் உயிர் போனாலும் பந்தை விடமாட்டான். பந்து எறிகிறவன் மேல் யாராவது பாய வந்தால் குறுக்கே போய் நின்று தானே வாங்கிக்கொள்வான். அப்படி ஒரு ஆட்டத்தில் வாங்கியதில்தான் அவனுக்குத் தலை அடிபட்டது. சில ஆட்டங்களுக்கு அவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் என் கணவரும் விழுந்தார்.

நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில், கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் அடைத்துக் கிடந்த மேப்பிள் இலைகளை இழுத்துப் போடுகிறேன் என்று ஏணியில் ஏறியவர். ஏணி சறுக்கியது. நான் சத்தம் கேட்டு ஓடிப்போகும்போது சீமெந்து நடைபாதையில் கிடந்தார். பிறகு தானாகவே எழும்பி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று காற்சட்டையைத் தட்டினார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்த நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உந்த ஏணியை ஆர் வெளியிலை எடுத்து வைச்சது?"

எனக்குப் பயம் பிடித்தது அந்தக் கேள்வியில்தான். இன்று வரைக்கும் விடவில்லை.

மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வெடுக்க வேண்டும், திரும்ப வந்து காட்டிச் சரி என்று சொல்லும் வரைக்கும் வாகனம் ஓட்டவே கூடாது என்று டொக்டர் சொன்னார். இவருடைய தொழிலோ பாடசாலை பஸ் ஓட்டுவது. காலையில் முழங்கால் உயரக் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற வேலை. அவர் வேலையிடத்துக்குப் போன் பண்ணி, ஊரிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள், லீவு வேண்டும் என்றார். ஊரிலிருந்து ஒரு காகமும் வரவில்லை.

ஏன் இந்தப் பொய் என்றால், மகளுக்குத் தை மாதம் கல்யாணம். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம் பேசி முற்றாக்கி, தாலி ஏறும் வரைக்கும், வீட்டில் யாருக்கும் ஒரு நோய் வருத்தம் என்று வெளியில் விடமாட்டோம். தும்மலைக்கூட விழுங்கிவிடுவோம். பெண்ணின் தகப்பனுக்குத் தலையில் ஏதோ கோளாறாம் என்று ஒரு கதை புறப்பட்டால், அது ஸ்காபரோவைத் தாண்டி ஒஷாவா போய்ச் சேரும்போது பரம்பரைப் பைத்தியமாக மாறியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒஷாவாவில்தான் இருக்கிறார்கள். "பிள்ளைக்கும் சொல்லாதையும். அவள் தன்ரை அவனுக்குச் சொல்லுவாள்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். மகள் வேலைக்காக வேறு நகரத்தில் இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பகலிலும் திரைச்சேலையை இழுத்துவிட்டு இருந்தார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டுவிட்டுத் திரும்பவும் போட்டார். குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று அதன் பெயர் வராமல் கையால் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு, பார்க்காதவள் போல நடித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு கொஞ்சம் தெளிந்தார். தெளிந்ததும் டொக்டரிடம் போய்க் காட்டாமலே, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்றார்.

"டொக்டரிட்டைக் காட்டிப்போட்டுப் போங்கோ" என்றேன்.

"மூத்தவனையும் இந்தச் சனிக்கிழமை இறக்கிறாங்களாம். அவன் இடி வாங்கப் போறான். நான் சும்மா ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கப் போறன். எனக்கென்ன?"

"அவனை இறக்கக் கூடாது. இளையவன்தான் ஓடவேணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீரும் கட்சி மாறிட்டீரோ?"

அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றி நேரடியாகக் கதைக்க முடியவில்லை. கதைத்தால் எரிந்து விழுந்தார். அதனால் மூத்தவனைப் பற்றியே கதைத்தோம். அவன் பழைய ஆளில்லை என்று நான் சொல்வேன். அவன் அனுபவத்துக்கு முன்னால் வேகம் எம்மாத்திரம் என்று அவர் சொல்வார். சமையலறையில், கடையில், கோயில் வாசலில்கூட இதுதான் பேச்சு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கண்ணுக்குள் பஸ்தான் நிற்கும். ஒரு பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கி முன்னால் குறுக்கே நடக்க, இவர் அதைக் காணாமல்... அதற்கு மேல் என் மனம் நினைக்க விடாது. ஆனாலும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சம்பந்தி எங்களை ஆட்டம் பார்க்க ஒஷாவாவுக்கு வரச் சொல்லியிருந்தார். அவரும் இந்தப் பைத்தியம்தான். சம்பந்தம் பேசப் போன அன்றைக்கே இரண்டு பேரும் சாதகத்தை விட்டுவிட்டு ஃபுட்போல் கதைத்தவர்கள். மூத்தவன், இளையவன் என்ற பெயர்கள் அவருக்கும் எங்களிடமிருந்து தொற்றிவிட்டன. போகாமல் விட்டால் ஏன் என்று கேள்வி வரும். நான் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு ஏறினேன். ஓட்டியது அவர். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் நெடுஞ்சாலையில் ஏற எனக்குத் துணிவில்லை. 401இல் லொறிகளுக்கு நடுவில் அவர் காரை விட, நான் ரோல்ஸ் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் இறங்க வேண்டிய வழியைத் தாண்டிப் போய்விட்டார். "கதைச்சுக்கொண்டு வந்ததிலை விட்டிட்டன்" என்றார். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் கதைத்திருக்கவில்லை.

சம்பந்தி வீட்டு நிலக்கீழ் அறையில் சுவரளவு ரிவி. சம்பந்தி கையில் கிளாஸோடு எங்களை வரவேற்றார். சம்பந்தியம்மா மேலே அடுக்களைக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் மைதானம் கூட்டிய கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சற்று நேரத்தில் அதே கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் பாய்ந்து ரோல்ஸ் தட்டை முகத்துக்கு நேரே நீட்டி, "சூடு ஆறமுதல் எடுங்கோ, எடுங்கோ" என்று எல்லோரையும் அதட்டினேன். சம்பந்தி ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. மூத்தவன் இறங்கினான்.

"பாருங்கோ, என்ன விசர் வேலை இது?" என்றார் சம்பந்தி. "உவன் இளையவனெல்லோ ஓடவேணும். கால் வேகம் இருக்கிறவனை வைச்சுக்கொண்டு கிழவனை இறக்கிறாங்கள்."

"அண்ணை, உங்கடை வேகக்காரன் போன ஆட்டத்திலை பந்தைக் கீழை போட்டதை மறந்திட்டியளோ? பந்து எறியிறவனை ஆர் காப்பாத்திறது? இளையவன் ஒதுங்கி நிண்டு பாப்பான்" என்றார் என் கணவர்.

"சரி, அப்பிடியே வைப்பம். ஆனால் தலை அடிபட்ட ஒருத்தனை என்னெண்டு நம்பிறது?"

வேறு பேச்சுக்கு மாற்ற நான் திரும்பவும் ரோல்ஸ் தட்டைத் தூக்கினேன்.

"தலை அடிபட்டால் என்ன?" என் கணவரின் குரல் உயர்ந்தது. "கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தும். தெரிஞ்ச சொல்லு நாக்கிலை வந்து நிண்டுபோடும். நிலம் ஆடுறமாதிரி இருக்கும். பிறகு எல்லாம் சரிவந்திடும். அதுக்காக ஒரு மனிசனைத் தூக்கி எறியிறதே?"

சம்பந்தி கிளாஸைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்னெண்டு உது தெரியும்?"

"ரிவியிலை சொன்னவங்கள்."

நான் திரையையே பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூத்தவன் பந்தை வாங்கிக்கொண்டு நடுவால் புகுந்தான். இரண்டு பேர் சேர்ந்து இடித்தார்கள். விழுந்தான். பந்தை விடவில்லை. தானாகவே எழும்பினான். சனம் கை தட்டியது. என் கணவரும் தட்டினார். "பாத்தியளே! பாத்தியளே!"

மூத்தவன் நடக்கத் தொடங்கினான். நேராக, அமைதியாக, ஒரு அவசரமும் இல்லாமல், எதிரணிக்காரர் வரிசையாகக் குந்தியிருந்த நீள வாங்கை நோக்கி நடந்தான். தன் வீட்டுக்குப் போகிறவன் மாதிரியே நடந்தான். எதிரணிக்காரன் ஒருவன் எழும்பி வந்து, அவனைத் தோளில் பிடித்து, மெதுவாக மற்றப் பக்கம் திருப்பிவிட்டான்.

என் கணவரின் கைகள் தட்டின நிலையிலேயே நின்றன.

"எடுங்கோ அவனை" என்றார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு ரிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அவனை வெளியிலை எடுங்கோடா! அவனுக்குத் தெரியேல்லை. அவனுக்குத் தான் எங்கை போறனெண்டு தெரியேல்லை!"

சத்தம் கேட்டுச் சம்பந்தியம்மா பாதிப் படியில் வந்து நின்றார். என் கணவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணை, நான் ஏணியாலை விழுந்தனான். தலை அடிபட்டது. இவவைச் சொல்ல வேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான். திங்கட்கிழமை பிள்ளையளை ஏத்தப் போறதெண்டு இருந்தனான்." கையால் வெளியே காட்டினார். "இண்டைக்கு உங்கடை பக்கம் இறங்கிற எக்ஸிற்றை நான் காணேல்லை. கண்ணுக்கு முன்னாலை இருந்தது. காணேல்லை."

கல்யாணம் குழம்பிப் போயிற்று என்றுதான் நினைத்தேன். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் அதற்குக் கீழே, சொன்னால் வெட்கம், ஒரு பெரிய ஆறுதலும் வந்தது. இனி நான் ஒளிக்க வேண்டியதில்லை.

சம்பந்தி ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். "உதை ஏன் எங்களுக்கு ஒளிச்சனீங்கள்?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். "நாங்கள் என்ன, பொம்பிளையின்ரை தகப்பன்ரை தலையையோ கலியாணம் செய்யிறம்?" பிறகு மனைவியைப் பார்த்து, "நீரும் இங்கை சொல்லுற கதை ஒண்டு இருக்கெல்லோ?" என்றார்.

சம்பந்தியம்மா அங்கேயே படியில் உட்கார்ந்தார். "எனக்கு அடுத்த கிழமை மார்பிலை ஒரு சோதனை இருக்கு" என்றார். "உங்களுக்குத் தெரியக் கூடாதெண்டு பத்திரமா வைச்சிருந்தனாங்கள்." நான் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எந்தப் பக்கத்துக்குப் பயப்படுவது என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டம் முடியும் வரைக்கும் இருந்தோம். மூத்தவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இளையவன் ஓடினான். ஒரு தடவையும் பந்தைக் கீழே போடவில்லை. எங்கள் அணி வென்றது. இரண்டு ஆண்களும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களே தவிர ஒருவரும் சந்தோஷப்படவில்லை. திங்கட்கிழமை வர முடியாது, தலை அடிபட்டிருக்கிறது என்று என் கணவர் அங்கிருந்தே வேலையிடத்துக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

சம்பந்தி குடித்திருந்ததால் அவரால் எங்களைக் கொண்டுவந்து விட முடியவில்லை. நான்தான் ஓட்டினேன். 401 பக்கம் போகவேயில்லை. கிங்ஸ்டன் வீதியால், எல்லோருடைய ஹோர்னையும் வாங்கிக்கொண்டு, ஊர்ந்து வந்தேன். ஆனாலும் மனதில் எங்கேயோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. சொல்லிவிட்டார், இனி டொக்டரிடம் போவோம், மூத்தவனையும் இறக்கமாட்டார்கள், எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிடும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வழியில் பிக்கரிங்கைத் தாண்டும்போது அவர் யன்னல் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஆட்டம் ஆர் வெண்டது?"

"எங்கடை ஆக்கள்" என்றேன்.

"ஆர் ஓடினது?"

"இளையவன்."

"நல்லது" என்று தலையை ஆட்டினார். சிவப்பு விளக்கில் நின்றோம். விளக்கு பச்சையானது. நான் காரை எடுத்தேன்.

"ஆட்டம் ஆர் வெண்டது?" என்றார்.

"எங்கடை ஆக்கள்" என்றேன். கண்ணை வீதியை விட்டு எடுக்கவில்லை. "இளையவன்தான் ஓடினவன்."